அமைச்சரும் எங்கள் விலாசமும்

பிரெஞ்சுப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்து நேர்முகத்துக்குப் போயிருந்த அன்று, என்னிடம் கேட்ட கேள்விகளில் மிகவும் இலகுவானதுதான் என்னை விழுத்தியது.

அதுவரை எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. எதிரே இருந்த அதிகாரி ஏறக்குறைய என் வயதுப் பெண். தடிமன் பிடித்து மூக்கைத் துடைத்தபடி இருந்தார். குடியரசின் மூன்று தாரகச் சொற்களைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். பாரிசுக்குள் ஓடுகிற ஆற்றைத் தவிர வேறு ஆறுகள் தெரியுமா என்றார். சொன்னேன். பையன்களும் இருக்கிற வகுப்பில் மகளை நீச்சலுக்கு விடுவீர்களா என்று கேட்டார். விட்டாயிற்று, அவளைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுப்பதுதான் பெரும்பாடு என்றேன். சிரித்தார். விண்ணப்பத்தில் கடைசி முடிவு எந்த அமைச்சருடையது என்று கேட்டபோது நான் கொஞ்சம் கூடுதலாகவே பேசிவிட்டேன். நான் வந்து இறங்கிய 2009 இல் குடிவரவுக்கென்றே தனி அமைச்சு ஒன்று இருந்தது, பிறகு அதை எடுத்துவிட்டு அந்த வேலையை உள்துறை அமைச்சரிடம் கொடுத்தார்கள், ஆகவே இப்போது அவர்தான் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

"உங்கள் கணவர் எப்போதிலிருந்து உங்களோடு ஒரே விலாசத்தில் இருக்கிறார்?"

"2011 இலிருந்து."

"அப்போது அவரிடம் வதிவிட அனுமதி இருந்ததா?"

"இல்லை. பிறகுதான் கிடைத்தது."

தட்டச்சுச் செய்தார். வேறொன்றும் கேட்கவில்லை. எழும்பி நின்று கை கொடுத்து, பதில் வீட்டுக்கு வரும் என்றார். நான் மெத்ரோ ரயிலில் திரும்பி வரும்போது, அடுத்த வருடம் நகரசபையின் போட்டிப் பரீட்சைக்கு இருக்கலாம் என்ற நினைப்போடுதான் வந்தேன்.

அந்தப் பரீட்சைக்காகத்தான் எனக்குப் பிரஜாவுரிமை அவசரமாக வேண்டியிருந்தது. பாரிசில் மார்க்ஸ் டோர்மோய்ப் பகுதியில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள ஒரு பாலர் பள்ளியில் சாப்பாட்டு மண்டபத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். சின்னப் பிள்ளைகளுக்கு இறைச்சியை வெட்டிக் கொடுப்பது, தண்ணீர் ஊற்றுவது, அழுகிறவர்களைத் தூக்குவது. வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கிற தற்காலிக வேலை. நிரந்தரமாக்க வேண்டுமென்றால் பரீட்சை எழுத வேண்டும், பரீட்சை எழுத இந்த நாட்டுப் பிரஜையாக இருக்க வேண்டும். வேலை எனக்குப் பிடித்திருந்தது. அதைக் கைவிட எனக்கு மனமில்லை.

என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இலங்கையில் யுத்தம் முடிந்த வருடம் நான் பாரிசுக்கு வந்தேன். பாரிசுக்கு வெளியே திரான்சியில் அண்ணை குடும்பமாக இருந்தார். அவர் வீட்டில் ஒட்டிக்கொண்டேன். என்னை அகதியாக ஏற்றுக்கொண்டார்கள். ரூ பெர்தொனே என்ற தெருவில் ஒரு மரக்கறிக் கடையில் காசாளர் வேலை கிடைத்தது. அதன் பிறகு மார்க்ஸ் டோர்மோயில் ஓர் அறையும் சமையல் மூலையுமாக ஒரு வீடு பிடித்தேன். மாலையில் ஒரு தேவாலயத்தின் மண்டபத்தில் பிரெஞ்சு வகுப்பு நடக்கும். அங்கேதான் அவரைச் சந்தித்தேன். மன்னார்ப் பக்கத்துக் கிறிஸ்தவர், எங்கள் பேச்சில் வேதக்காரர். ஒரு பிரெஞ்சு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். வகுப்புக்கு வரும்போது விரல்கள் தண்ணீரில் ஊறிச் சுருங்கிப்போயிருக்கும். பேனையைப் பிடிக்க முடியாமல், வாயால் சொல்லிச் சொல்லியே பாடத்தைப் படித்துவிடுவார். அவருடைய அகதிக் கேஸை இரண்டு தரமும் நிராகரித்துவிட்டார்கள்.

அண்ணைக்கு அவரைப் பிடிக்காமல் இல்லை. அவருடைய நிலைமைதான் பிடிக்கவில்லை.

"சைவமோ வேதமோ, அது எனக்குப் பிரச்சினை இல்லை" என்றார். "விசா இல்லாத ஆளைக் கட்டி என்ன செய்யப்போறாய்? நாளைக்குப் பொலிஸ் பிடிச்சா நீதான் கிடந்து அழவேணும்."

"பிடிச்சாப் பாப்பம்" என்றேன்.

நகரசபையில் பதிவு எழுதி, பிறகு தேவாலயத்தில் ஆசீர்வாதம், கோயிலில் ஒரு அர்ச்சனை என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்தோம். அன்று மாலை அவர் தோளில் ஒரு பையோடு என் வீட்டு மாடிப்படிகளில் ஏறி வந்தார். அப்போது எங்களுக்கு அது கலியாணம். அவர் என்னோடு இருப்பதற்குச் சட்டத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு பெயர் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

அனுமதி இல்லாத அந்த வருடங்கள் எப்படிப் போயின என்று இப்போது நினைத்தாலும் என் தோள்கள் தானாக இறுகும். லா சப்பல் மெத்ரோ வாசலில் பொலிஸ் நின்று வதிவிடப் பேப்பர் கேட்கிற காலம். அவர் மெத்ரோவில் ஏறவே மாட்டார். மழையென்றாலும் பனியென்றாலும் நடைதான். வேலை முடிந்து வரப் பிந்தினால் நான் யன்னலடியில் நிற்பேன். மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் சீருடையோடு ஒருவரைக் கண்டு, திரும்பிப்போய், ஒரு தெருவைச் சுற்றிவிட்டு வந்தார். அது வெறும் வாயிற்காவலர்.

பிறகு, பிள்ளையும் குடும்பமுமாக இருப்பதால் அனுமதி கேட்கலாம் என்று தெரிந்து விண்ணப்பித்தோம். அங்கே என்ன கேட்டார்கள் தெரியுமா? நீங்கள் இருவரும் உண்மையாகவே சேர்ந்து வாழ்ந்தீர்கள் என்பதற்கு ஆதாரம் கொண்டுவாருங்கள் என்றார்கள். கலியாணப் பத்திரம் மட்டும் போதாது. இரண்டு பெயரும் உள்ள மின்சாரச் சீட்டு, வைத்தியரின் கடிதம், பாலர் பள்ளிப் பதிவு என்று வருடம் வருடமாகக் கேட்டார்கள். ஒரு அரிசிப்பை நிறையக் கட்டிக்கொண்டுபோய்க் கொடுத்தோம். எல்லாவற்றையும் பார்த்து, திருப்தியாகி, அவருக்கு அனுமதி அட்டை தந்தார்கள். அட்டை கிடைத்த அன்று நாங்கள் மூவரும் லா சப்பலில் மெத்ரோ ஏறி, வேலை ஒன்றும் இல்லாமலே கடைசித் தரிப்பிடம் வரை போய்த் திரும்பி வந்தோம்.

இனி நேர்முகத்துக்குப் பிறகு வந்த பதிலுக்கு வருகிறேன். ஒரு பக்கக் கடிதம். நீங்கள் உங்கள் கணவரின் அனுமதியற்ற வதிவிடத்துக்கு உதவி செய்திருக்கிறீர்கள், ஆகவே உங்கள் விண்ணப்பம் இரண்டு வருடங்களுக்கு ஒத்திவைக்கப்படுகிறது என்று அதில் இருந்தது.

நான் பாடசாலை வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்று அதை வாசித்தேன். எனக்குப் பிரெஞ்சு விளங்காமல் போய்விட்டதோ என்று திரும்ப வாசித்தேன். விளங்கியது சரிதான். என் கணவரை என் வீட்டில் வைத்திருந்ததுதான் நான் செய்த உதவி.

அவர் வந்ததும் வாசித்துக் காட்டினேன். கதிரையில் உட்கார்ந்து, முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு, நிலத்தைப் பார்த்தார்.

"அப்ப என்னாலைதான்."

"உங்களாலை என்ன? நீங்கள் என்ன களவெடுத்தனீங்களே?"

"நீர் அண்டைக்கு அந்த அதிகாரிக்கு ஒண்டும் சொல்லாம விட்டிருக்கலாம்."

"அவ கேட்டா. நான் சொன்னன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணை வந்தார். வரும்போதே ஒரு வழியோடு வந்தார். அந்த வருடங்களில் இவர் திரான்சியில் தன்னுடைய வீட்டில்தான் இருந்தார், தங்கைச்சி வீட்டுக்கு இடைக்கிடை வந்துபோனார், அவ்வளவுதான் என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வைத்துத் தருவாராம். அதிகாரி கேட்டதைத் தங்கைச்சி பிழையாக விளங்கிக்கொண்டாள் என்று சொன்னால் விஷயம் முடிந்துவிடுமாம்.

என் கணவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைக் கண்டேன். எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது.

"இவர் என்னோடைதான் இருந்தவர், அண்ணை" என்றேன். "நான் பிள்ளைத்தாச்சியாச் சத்தி எடுத்துக்கொண்டு கிடக்கேக்கை இஞ்சைதான் நிண்டவர். பிள்ளையை முதல் குளிப்பாட்டினது அந்தக் குசினித் தொட்டியிலைதான், இவர்தான். இப்ப நான் ஒரு கடுதாசியைக் காட்டி, அப்பிடி ஒரு மனுசன் இஞ்சை இருக்கேல்லை எண்டு சொல்லவேணுமே?"

"வாய்ப்பேச்சுக்குத்தானடி. கடுதாசிக்குத்தான்."

"கடுதாசிக்கும் மாட்டன்."

அண்ணை தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, இவளோடு கதைக்க ஏலாது என்பதுபோல என் கணவரைப் பார்த்தார். இவர் எழும்பி வெறுங்கோப்பைகளைச் சேர்த்தார். அண்ணை போன பிறகு, கோப்பைகளைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பாராமல், "நீர் சொன்னது சரி" என்றார்.

எங்கள் பகுதியில் ஒரு சட்ட உதவி நிலையம் இருந்தது. வாரத்தில் ஒரு நாள் அங்கே ஒரு பெண் சட்ட ஆலோசகர் வந்து இருப்பார். நாற்பது வயதிருக்கும்; சைக்கிளில் வருவார்; தலைக்கவசத்தைக் கழற்றிய கையோடு வேலையைத் தொடங்குவார். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். கடிதத்தைப் பார்த்துவிட்டு, "இப்படிப்பட்டவை எனக்கு வருவதுண்டு" என்றார்.

ஒரு மனைவி தன் கணவனுக்கு இடம் கொடுத்ததற்காக அவளைத் தண்டிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று விளக்கினார். ஆனால் பிரஜாவுரிமை கேட்கிறவருக்கு அது கட்டாயம் கிடைக்க வேண்டிய உரிமை அல்ல. அரசு விரும்பினால் கொடுப்பது. விரும்புவதா இல்லையா என்று தீர்மானிக்கிற அதிகாரம் அமைச்சருக்கு மிகவும் அகலமாக இருக்கிறது. தண்டிக்க முடியாத ஒன்றைக்கூட அவர் கணக்கில் எடுத்து, பொறுத்திருங்கள் என்று சொல்லலாம்.

"அப்படியென்றால் ஒன்றும் செய்ய முடியாதா?"

"செய்யலாம். முதலில் அமைச்சருக்கு எழுத வேண்டும். அவருக்கு எழுதாமல் நீதிமன்றத்துக்குப் போக முடியாது. கொடுத்திருக்கிற தவணைக்குள் எழுதுங்கள்."

அமைச்சருக்கு எழுதுவதா? நான் சிரித்துவிட்டேன். எங்கள் ஊரில் மந்திரி என்றால் முன்னுக்கும் பின்னுக்கும் ஆமி வாகனம், நடுவில் கறுப்புக் கண்ணாடி பூட்டிய வாகனம், இறங்கினால் மாலை, மாலைக்கு மேலால் நீளுகிற கைகள், ஒவ்வொரு கையிலும் ஒரு விண்ணப்பம். "ஐயா, மகனுக்கு ஒரு வேலை." "ஐயா, காணாமல்போன என்ரை பிள்ளை." மந்திரி அவற்றை வாங்கிப் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுப்பார். பக்கத்தில் நிற்பவர் என்ன செய்வார் என்று யாரும் கண்டதில்லை.

ஆகவே என் முதல் கடிதமும் அப்படித்தான் வந்தது. மேன்மைதங்கிய, கருணைகூர்ந்து, என் ஏழ்மை நிலையை உணர்ந்து. எழுதி முடித்து வாசித்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. நான் அவரிடம் வேலை கேட்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அவருடைய நிர்வாகம் என்னைப் பற்றி ஒரு வசனம் எழுதியிருக்கிறது, அந்த வசனத்துக்கு நான் பதில் சொல்லப்போகிறேன். அவ்வளவுதான். கடிதத்தைக் கிழித்துப்போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன்.

எங்கள் கலியாணத்தைப் பற்றி எழுதினேன். அனுமதி கேட்டபோது சேர்ந்து வாழ்ந்ததற்கு அரச அலுவலகமே ஆதாரம் கேட்டதையும், நாங்கள் கொடுத்ததையும், அதை ஏற்றுத்தான் அட்டை தந்ததையும் எழுதினேன். ஒரு மேசையில் எங்களுக்கு நன்மையாக இருந்த அதே வாழ்க்கை இன்னொரு மேசையில் எப்படிக் குறையாகும் என்று கேட்டேன். கடைசியில், "அந்த வருடங்களில் என் கணவர் எங்கே படுத்திருக்க வேண்டும் என்று அமைச்சர் அவர்கள் எனக்குச் சொல்ல வேண்டும்" என்று எழுதினேன். சட்ட ஆலோசகர் பிழைகளைத் திருத்தினார். அந்தக் கடைசி வசனத்துக்குக் கீழே பேனையால் கோடு போட்டார்.

"கொஞ்சம் காரமாக இருக்கிறது."

"இருக்கட்டும்" என்றேன்.

மாதங்கள் கழித்துப் பதில் வந்தது. அமைச்சர் முடிவை மாற்றவில்லை. எங்கே படுத்திருக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. நாட்டுக்குள் யார் இருக்கலாம் என்ற விதிகளை மதிப்பதும், பிரஜையாகத் தகுதி பெறுகிறவரிடம் எதிர்பார்க்கப்படுகிற ஒன்று என்று இருந்தது. கீழே "அமைச்சருக்காக" என்று போட்டு வேறொருவர் கையெழுத்து வைத்திருந்தார்.

என் கணவர் அந்தக் கையெழுத்தை நெடுநேரம் பார்த்தார். "மந்திரி இதை வாசிச்சிருப்பாரே?"

"எனக்கெப்பிடித் தெரியும்? வாசிச்சாலும் வாசிக்காட்டியும் அவற்றை பேரிலைதான் வந்திருக்கு. அப்ப அவர்தான் பொறுப்பு."

நான் அதைக் கோபத்தில்தான் சொன்னேன். ஆனால் சொன்ன பிறகு, அமைச்சர் என்ற ஆளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான் என்று தோன்றியது. முகம் தெரியாத ஆயிரம் பேர் ஆயிரம் மேசைகளில் எழுதுவது எல்லாம் ஒருவருடைய பெயரில் வருகிறது. அந்தப் பெயருக்குரியவரைக் கேள்வி கேட்க ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்துக்குப் போவதென்று தீர்மானித்தேன். நந்த் நகரத்திலுள்ள நிர்வாக நீதிமன்றத்துக்கு வழக்கை அனுப்பினோம்.

பிறகு காத்திருப்பு. அதை நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. பாடசாலைக்குப் போனேன், வந்தேன். மகள் பாலர் பள்ளியை விட்டுப் பெரிய பள்ளிக்குப் போனாள். நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். தற்காலிக வேலை மேலும் ஒரு தடவை புதுப்பிக்கப்பட்டது. இடையில் அமைச்சர்கள் மாறினார்கள். தொலைக்காட்சியில் பழையவர் அமைச்சின் முற்றத்தில் நின்று புதியவருக்குக் கை கொடுத்துவிட்டு வாகனத்தில் ஏறிப்போவார். ஒவ்வொரு முறையும் என் கணவர் கிட்டப்போய் உற்றுப் பார்ப்பார்.

"இவர் பறவாயில்லைப் போலைக் கிடக்கு. சிரிச்ச முகம்."

"சிரிச்ச முகத்தாலை எனக்கென்ன? வழக்கிலை பேர் மாறாது. அமைச்சர் எண்டுதான் இருக்கு."

ஒத்திவைத்த இரண்டு வருடமும் முடிந்தது. சட்ட ஆலோசகர் என்னைக் கூப்பிட்டு, இனி நீங்கள் புதிதாக விண்ணப்பிக்கலாம், இந்த முறை பெரும்பாலும் கிடைக்கும், வழக்கைக் கைவிட்டுவிடுங்கள் என்று நல்லெண்ணத்தோடு சொன்னார். வீட்டில் அதைச் சொன்னதும் என் கணவருக்குச் சந்தோஷம். அப்போதுதான் நாங்கள் இருவரும் உண்மையாகச் சண்டை பிடித்தோம்.

"உமக்கு வேணுமெண்டது நசனாலித்தே" என்றார். எங்கள் ஆட்கள் பிரஜாவுரிமையை அந்தப் பிரெஞ்சுச் சொல்லால்தான் சொல்வார்கள். "அது இப்ப கையிலை வருகுது. பிறகேன் கோடு கச்சேரி எண்டு வழக்கு?"

"புதுசா எழுதினால் அந்தப் பழைய வசனம் அப்பிடியே கிடக்கும். உங்களை வீட்டிலை வைச்சிருந்தது பிழை எண்ட வசனம்."

"அது ஆர் பாக்கப்போறாங்கள்?"

"நான் பாத்திட்டன்."

"பரீட்சை? அந்த வேலை? இன்னும் எத்தனை வருசம் தற்காலிகமா நிக்கப்போறீர்?"

அந்த வருடப் பரீட்சை போனது உண்மைதான். என்னோடு வேலை செய்தவர்கள் நிரந்தரமானார்கள். நான் அவர்களுக்குக் கீழே தற்காலிகமாகவே நின்றேன். அதிகாலையில் எழும்பிப் போகும்போது சில நாட்களில், இவர் சொல்வதுதான் சரியோ என்று எனக்கும் பட்டதுண்டு. ஆனால் எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை. "உங்களுக்காக இல்லை" என்று அவரிடம் சொன்னேன். "எனக்காகத்தான். கோட்டிலை தோத்தால் அடுத்த நாளே புதுசா எழுதிறன். ஆனா ஒரு ஆள் எனக்கு முன்னாலை இருந்து அதுக்குப் பதில் சொல்லவேணும்."

அவர் ஒரு கிழமை என்னோடு அளந்துதான் கதைத்தார்.

கொரோனா வந்து எல்லாவற்றையும் இன்னும் பின்னுக்குத் தள்ளியது. கடைசியில் விசாரணைக்கு நாள் வந்தபோது, வராமலும் விடலாம், எல்லாம் எழுத்தில்தான் நடக்கும் என்று சொன்னார்கள். நான் போவதென்று நின்றேன். என் கணவர் உணவகத்தில் லீவு எடுத்தார். அதற்குள் அவர் அங்கே சமையல்காரராகிவிட்டிருந்தார். அண்ணை காலையிலேயே திரான்சியிலிருந்து வந்து மகளைப் பொறுப்பெடுத்தார். வாசலில் நின்று, "வடிவா, ஆறுதலாக் கதை. கத்தாதை" என்று மட்டும் சொன்னார்.

ரயிலில் நந்த் போய்ச் சேர்ந்தோம். நீதிமன்றம் என்றதும் நான் கூண்டு, சாட்சி, கறுப்புக் கோட்டுகள் என்று நினைத்திருந்தேன். அது ஒரு சாதாரண மண்டபம். முன்னால் நீதிபதிகள் மூவர், எல்லோரும் முகக்கவசத்தோடு. எங்களைப் போல வந்திருந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். ஒரு பக்கத்து மேசை வெறுமையாகவே இருந்தது. அது யாருடையது என்று பக்கத்தில் இருந்த ஒரு சட்டத்தரணியிடம் கேட்டேன்.

"அமைச்சருடையது. அவர் தரப்பில் யாரும் வருவது குறைவு. எழுத்தில் அனுப்பிவிடுவார்கள்."

என் கணவர் என் காதருகே, "பாத்தீரே, வரேல்லை" என்றார். அவர் குரலில் ஏமாற்றமா நிம்மதியா என்று எனக்கு விளங்கவில்லை.

எங்கள் முறை வந்ததும், தீர்ப்புக்கு முன்னால் தன் கருத்தைச் சொல்லுகிற ஓர் அதிகாரி எழும்பி வாசித்தார். அமைச்சருக்கு இந்த விஷயத்தில் மிக அகன்ற அதிகாரம் உண்டு என்று தொடங்கினார். நீதிமன்றம் இதில் இலகுவில் தலையிடுவதில்லை என்றார். என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆனாலும், என்று தொடர்ந்தார். இவர்கள் சட்டப்படி மணமுடித்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள், கணவரின் நிலைமையை நிர்வாகமே பின்னர் சீராக்கியிருக்கிறது, விண்ணப்பித்தபோதே அது முடிந்துபோன விஷயம். இதை மட்டும் காரணமாக வைத்து ஒத்திவைத்தது வெளிப்படையான பிழை என்று தான் கருதுவதாகவும், முடிவை நீக்கும்படி சொல்வதாகவும் கூறி அமர்ந்தார்.

நடுவில் இருந்த நீதிபதி, ஒரு நரைமுடிப் பெண், என்னைப் பார்த்தார். "அம்மணி, சொல்வதற்கு ஏதாவது இருக்கிறதா?"

கருத்து உங்கள் பக்கமாக இருந்தால் ஒன்றும் சொல்ல வேண்டாம், நன்றி என்று மட்டும் சொல்லுங்கள் என்று சட்ட ஆலோசகர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். என் கணவரும் சட்டைக் கையை இழுத்தார். ஆனால் நான் அவ்வளவு தூரம் நன்றி சொல்லப் போகவில்லை. எழும்பினேன். முகக்கவசத்துக்குள்ளால் குரல் வெளியே வரவில்லை. நீதிபதி, அதைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள் என்று கையால் காட்டினார்.

"அன்றைக்கு என்னிடம் கேட்டபோது உண்மையைச் சொன்னேன்" என்றேன். "பொய் சொல்வதற்கு எங்களுக்கு ஒரு விலாசம் தருவதாகச் சொன்னார்கள், வேண்டாம் என்றேன். அமைச்சரின் கடிதத்தில் நான் உதவி செய்ததாக இருக்கிறது. நான் என் கணவருக்கு உதவி செய்யவில்லை. அவரோடு வாழ்ந்தேன். நாளைக்குத் திரும்பக் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். அமைச்சர் வந்திருந்தால் அவருக்கு முன்னால் சொல்லியிருப்பேன்."

நீதிபதி எதையோ குறித்துக்கொண்டு, நன்றி என்றார். வெளியே வந்ததும் முகக்கவசத்தைக் கழற்றினேன். தெருவோரக் கல்மேடை ஒன்றில் உட்கார்ந்தேன். என் கணவர் பக்கத்தில் இருந்தார். கொண்டுவந்த பாண் துண்டை இரண்டாகப் பிய்த்து ஒன்றை என்னிடம் தந்தார்.

"கடைசி வசனம் தேவையில்லை" என்றார். பிறகு, "நல்லாத்தான் இருந்தது" என்றார்.

தீர்ப்பு தபாலில் வந்தது. அமைச்சரின் முடிவு நீக்கப்பட்டது. என் விண்ணப்பத்தை அவர் திரும்பப் பரிசீலிக்க வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிட்டிருந்தது. அமைச்சருக்கு ஒருவர் கட்டளையிடலாம் என்பதை நான் அன்றுதான் எழுத்தில் கண்டேன். அண்ணைக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். அவர் திரும்பவும் ஒருமுறை வாசிக்கச் சொன்னார். இந்த முறை ஒலிபெருக்கியில் போட்டு, அண்ணியும் கேட்கும்படி.

அதன் பிறகும் நேரம் எடுத்தது. திரும்பப் பரிசீலிப்பது என்றால் உடனே கொடுப்பது அல்ல. புதிய சம்பளச் சீட்டுகள் கேட்டார்கள், கொடுத்தேன். ஒரு மத்தியானம், பிள்ளைகளுக்குச் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தபோது கைத்தொலைபேசி அதிர்ந்தது. வேலை நேரத்தில் அதைத் தொடுவதில்லை. தட்டுகளை எடுத்து, மேசைகளைத் துடைத்து முடித்த பிறகுதான் பார்த்தேன். அரச வர்த்தமானியில் புதிதாகப் பிரஜையானவர்களின் பெயர்கள் வெளிவந்த பக்கத்தைச் சட்ட ஆலோசகர் அனுப்பியிருந்தார். என் பெயரும், பிறந்த இடமும், ஊரின் பெயரில் ஓர் எழுத்துப் பிழையோடு. சமையலறையில் நின்ற மற்றப் பெண்கள் என்னவென்று கேட்டார்கள். சொன்னேன். ஒருத்தி கரண்டியால் பாத்திரத்தில் தட்டத் தொடங்கினாள், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பிள்ளைகள் முற்றத்திலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

வரவேற்பு வைபவத்தில் ஓர் அதிகாரி அமைச்சரின் வாழ்த்துச் செய்தியை வாசித்தார். எல்லோருக்கும் பொதுவான ஒரு செய்தி. நீங்கள் இனி எங்களில் ஒருவர் என்று இருந்தது. எனக்கு அதில் நையாண்டி ஒன்றும் தோன்றவில்லை. நேராக நின்று கேட்டேன். தேசியகீதம் பாடச் சொன்னபோது பாடினேன். அடுத்து வந்த பரீட்சைக்குப் பெயர் கொடுத்தேன். முதல் தடவை தவறிவிட்டது, இரண்டாம் தடவை தேறினேன். இப்போது என் பெயர் நிரந்தர ஊழியர்களின் பட்டியலில் இருக்கிறது.

இந்த வருடம் என் கணவரும் விண்ணப்பித்தார். நான் கேட்கவில்லை, அவராகவே. அனுமதி இல்லாமல் இருந்த வருடங்களைப் பற்றி அவரிடமும் கேட்பார்கள், அவர் நிலைமை என்னுடையதைவிடக் கடினம், முதல் தடவையிலேயே கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம் என்று சட்ட ஆலோசகர் எச்சரித்தார். "கிடைக்காட்டி எழுதுவம்" என்று என் கணவர் தமிழிலேயே அவருக்குச் சொன்னார். பிறகு சிரித்துக்கொண்டு பிரெஞ்சில் சொன்னார்.

நேர்முக நாளன்று நானும் கூடப் போனேன். என்ன என்ன கேட்பார்கள், எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"நீர் கொஞ்சம் பேசாம இரும்" என்றார். "நான் கதைக்கிறன்."

பெயரைக் கூப்பிட்டார்கள். கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார். கதவு முழுதாகச் சாத்தப்படவில்லை. நான் வெளியே நடைபாதையில் கிடந்த வாங்கில் உட்கார்ந்திருந்தேன். முதலில் அதிகாரியின் மெல்லிய குரல், விலாசத்தைப் பற்றி எதையோ கேட்டது. பிறகு என் கணவரின் குரல், மன்னார் ராகத்தோடு அந்தப் பிரெஞ்சு, எங்கும் தடக்காமல், நடைபாதை முழுவதும் கேட்கும்படி.